கொல்லைப்புறம்: பாய்ந்து வரும் சேவலை என்ன செய்வது?



காலையில் கொல்லைக் கதவைத் திறக்குமுன் கையில் விளக்குமாற்றை எடுத்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. கூட்டிப் பெருக்குவதற்கு அல்ல, சேவலுக்குப் பயந்து! துணி காயப்போடப் போகும் அம்மா ஒரு கையில் வாளியும் மறு கையில் கம்புமாகப் போகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பின்வழியை விட்டுவிட்டு முன்வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறது. வீட்டுப் பெரியவரோ, "நம்ம வீட்டுச் சேவல்தானே, நாலு நாளில் சரியாகிவிடும்" என்கிறார். நாலு நாள் நாலு மாதமாகிறது. சேவல் சரியாகவில்லை, வீட்டில் இருப்பவர்கள்தாம் சேவலுக்குத் தக்கபடி நடக்கப் பழகிவிடுகிறார்கள்.

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகும், வீட்டுக்குப் பின்னால் நாலு கோழியை வளர்க்காமல் இருக்க முடியாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகளுக்குக் கம்பத்துக்கோழிச் சாறு, பேரப்பிள்ளைக்குப் புது முட்டை, மிஞ்சிய சோற்றுக்கு ஒரு வழி என்று அதில் நன்மை பல. அந்த நன்மையை எல்லாம் ஒரு முரட்டுச் சேவல் கெடுத்துவிடலாம். ஒரு குழந்தையின் கண்ணையும் கெடுத்துவிடலாம். அதனால் இம்முறை இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சேவல் ஏன் பாய்கிறது?

நம் வீட்டுக் கோழியின் மூதாதை காட்டுக்கோழி. இன்றைக்கும் மலேசியாவில் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அதைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் புலாவ் ஊபினிலும் உண்டு. அந்தக் காட்டுச் சேவலுக்கு வாழ்க்கையில் இரண்டே வேலை: தன் பெட்டைகளைக் காப்பது, தன் இடத்துக்குள் வேறொரு சேவல் நுழையாமல் தடுப்பது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் அதற்குத் தீனி போட்டு வளர்த்தும், அந்த இரண்டு வேலையையும் அது மறக்கவில்லை.

நல்ல சேவல் ஒன்றைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். தீனி கிடைத்தால் தான் முதலில் தின்னாது; "டுக், டுக்" என்று பெட்டைகளைக் கூப்பிடும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒரு விதமாகக் குரல் கொடுக்கும். தரையில் உடும்போ நாயோ வந்தால் வேறு விதமாகக் குரல் கொடுக்கும். பெட்டைகளும் குஞ்சுகளும் குரலைக் கேட்டே எதிரி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு ஒளிந்துகொள்ளும். இத்தனை பொறுப்புள்ள அந்தப் பறவைதான் நம் மீதும் பாய்கிறது. நம்மை உடும்போடும் நாயோடும் சேர்த்து எண்ணிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இருப்பது எல்லாவற்றையும் கொத்தும். கடைசியில் இருப்பது எல்லாரிடமும் கொத்து வாங்கும். நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப் எப்பே என்ற அறிஞர், சிறுவயது முதலே வீட்டுக் கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1921-ஆம் ஆண்டில் இந்தக் கொத்து வரிசையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நம் பாட்டிமார்களுக்கு இது முன்பே தெரியும், எழுதி வைக்கவில்லை! இளஞ்சேவல் பருவத்துக்கு வந்ததும் இந்த வரிசையில் தன் இடம் எது என்று சோதித்துப் பார்க்கிறது. கூட்டத்தில் உள்ள கோழிகளைச் சோதித்து முடித்த பிறகு, தினமும் தீனி கொண்டுவரும் உங்களையும் சோதிக்கிறது.

அந்தப் பருவம் பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் தொடங்கும். குரல் உடைந்து, அரைகுறையாகக் கூவப் பழகும் நேரம் அது. நேற்றுவரை மடியில் உட்கார்ந்திருந்த சேவற்குஞ்சு இன்று காலைக் கொத்துகிறதே என்று பிள்ளைகள் அழுவது இந்தக் காலத்தில்தான்.

கையில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவல்தான் பின்னாளில் அதிகம் பாயும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளிது. தள்ளி வளர்ந்த சேவலுக்கு மனிதன் என்றால் ஒரு கூச்சம் இருக்கும், எட்டியே நிற்கும். மடியில் வளர்ந்த சேவலுக்கோ நாமும் அதன் கூட்டத்தில் ஒருவர். கூட்டத்தில் ஒருவர் என்றால் சண்டைக்கும் உரியவர்தானே?

இவை போக, நாமே உண்டாக்கும் காரணங்களும் உண்டு. பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கல்லெறிவது, கம்பால் சீண்டுவது, வாலைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றைச் சேவல் மறப்பதில்லை. இரண்டே பெட்டைக்கு ஒரு சேவல், அல்லது ஆறு பெட்டைக்கு மூன்று சேவல் என்று கணக்குத் தவறி வைத்திருந்தாலும் சேவலுக்கு எப்போதும் பரபரப்புதான்.

பாயுமுன் காட்டும் அடையாளங்கள்

சேவல் சொல்லாமல் பாய்வதில்லை. நாம்தான் கவனிப்பதில்லை.

முதல் அடையாளம், நீங்கள் வந்தால் விலகாமல் நிற்பது. நல்ல சேவல் நம் வழியை விட்டு ஒதுங்கும். ஒதுங்காமல் நின்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதோ எண்ணுகிறது என்று பொருள்.

இரண்டாவது, ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் படும்படி தாழ்த்திக்கொண்டு, பக்கவாட்டில் அடியெடுத்துக் கிட்டே வருவது. பெட்டையிடமும் இப்படி ஆடும்; எதிராளியிடமும் இப்படி ஆடும். உங்களைச் சுற்றி அந்த ஆட்டம் ஆடினால், அது அழகு காட்டுகிறது என்று சிரிக்காதீர்கள்.

மூன்றாவது, தரையில் ஒன்றும் இல்லாத இடத்தில் சும்மா கொத்துவது. குச்சியையும் சருகையும் எடுத்துப் போடுவது. நான்காவது, கழுத்து மயிர் குடைபோல விரிவது. இதற்கு அடுத்தது பாய்ச்சல்தான். நீங்கள் திரும்பி நடக்கும்போது பின்னால் ஓடிவந்து தாக்குவதும் உண்டு. முரட்டுச் சேவல் முதலில் பழகுவது முதுகில்தான்.

உதைக்காதீர்கள், ஓடாதீர்கள்

சேவல் பாய்ந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டு. ஒன்று, "ஐயோ" என்று ஓடுவது. மற்றொன்று, கோபத்தில் ஓங்கி உதைப்பது. இரண்டும் தவறு.

ஓடினால் என்ன ஆகும்? சேவலின் கணக்கில் அது வென்றுவிட்டது; நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நாளைக்கு இன்னும் பத்தடி முன்னாலேயே வந்து நிற்கும். அடுத்த வாரம் கொல்லைக் கதவருகிலேயே காவல் நிற்கும்.

உதைத்தால்? "அடியாத மாடு படியாது" என்பார்கள். மாட்டைப் பற்றி நமக்குத் தெரியாது; சேவலுக்கு அது பொருந்தாது. சண்டைக்கு வந்த சேவலை நீங்கள் உதைத்தால், "சரி, சண்டைக்கு ஒப்புக்கொண்டார்" என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அன்றைக்குத் தோற்றாலும், தெம்பு வந்ததும் திரும்பி வரும். மேலும், கோழியின் எலும்பு மெல்லியது. ஒரு உதையில் விலா முறிந்து கிடந்து துடித்தால், அந்தப் பாவமும் நமக்கு வேண்டாம்.

பின்னே என்ன செய்வது? நில்லுங்கள். பாய வரும் சேவலுக்கு நேர்முகமாகத் திரும்பி அசையாமல் நில்லுங்கள். கையில் வாளியோ, தட்டோ, பிளாஸ்டிக் கூடையோ இருந்தால் அதைக் காலுக்கு முன்னால் கேடயம்போலப் பிடியுங்கள். அடிக்க வேண்டாம், அது பாய்ந்து மோதிக்கொள்ளட்டும். இரண்டு மூன்று முறை மோதிவிட்டு நிற்கும். அப்போது அதை நோக்கி மெதுவாக ஓரடி எடுத்து வையுங்கள். அது பின்வாங்கினால் இன்னோரடி. அது தலையைத் தாழ்த்தியோ திரும்பியோ விலகும் வரை நீங்கள் விலகக் கூடாது. விலகியதும் நீங்களும் விட்டுவிடுங்கள். துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். "இந்த இடம் இவருடையது, இவர் வந்தால் நான் ஒதுங்க வேண்டும்" என்ற ஒரே பாடத்தை அது படித்தால் போதும்.

கைலியும் பாவாடையும் காற்றில் படபடத்தால் சில சேவல்கள் வெறிகொள்ளும். சேவல் நிறங்களை நன்றாகவே பார்க்கும். ஒரு குறிப்பிட்ட சிலிப்பரையோ, வாளியையோ, விளக்குமாற்றையோ கண்டால் மட்டும் பாயும் சேவல்கள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். பொருளை மாற்றினாலே பாதி வம்பு தீர்ந்துவிடலாம். பழகும் நாள்வரை முழங்கால் உயரச் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு வாரப் பழக்கம்

இளஞ்சேவலாக இருந்தால், இரண்டு வாரம் விடாமல் கீழ்க்கண்டபடி செய்து பாருங்கள். வீட்டில் சேவலோடு பழகும் பெரியவர்கள் எல்லாரும் செய்ய வேண்டும். அப்பா அதட்டி அம்மா ஓடினால், சேவல் அப்பாவுக்கு மட்டும் அடங்கும், அம்மாவை விரட்டும்.

இரவில் சேவலைப் பிடியுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடையும் கம்பில் உட்கார்ந்தபடியே அமைதியாகக் கைக்கு வரும். இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் இரண்டு கால்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடவும் வேண்டாம். அதற்கு மூச்சு முட்டும். பதினைந்து இருபது நிமிடம் அப்படியே நடந்துவிட்டு, அது திமிறாமல் அடங்கிய பிறகு இறக்கி விடுங்கள். திமிறும்போது விட்டுவிட்டால், திமிறினால் விடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். சில நாள் சென்றபின் பகலிலும், பெட்டைகள் பார்க்கும்படி, இதேபோல் தூக்கி நடக்கலாம்.

தீனி போடும்போது சேவல் முண்டிக்கொண்டு வந்தால், அதை ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பெட்டைகளுக்கு முதலில் போடுங்கள். கையிலிருந்து நேராக ஊட்டாதீர்கள். அது கையைக் கொத்தும் பழக்கத்தைத் தரும். கொல்லையில் நடக்கும்போது சேவலைச் சுற்றிக்கொண்டு போகாமல், அது நிற்கும் இடத்தின் வழியாகவே நிதானமாக நடங்கள். ஒதுங்க வேண்டியது அதுதான்.

குரலை உயர்த்துவதால் பயனில்லை. நிதானம்தான் பெரிய ஆயுதம். சில சேவல் ஒரு வாரத்திலேயே அடங்கிவிடும். சில இரண்டு வாரம் ஆகியும் அப்படியே இருக்கும். எல்லாச் சேவலும் திருந்தும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. அந்தச் சேவலைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

கொல்லையையும் திருத்துங்கள்

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை என்பது பொதுவான கணக்கு. பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா? சேவல் அதிகம், பெட்டை குறைவு என்பதற்கு அதுவே சாட்சி. முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவர்களுக்கு ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும்: சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் தேவை. நாலு பெட்டையை வைத்துக்கொண்டு, காலையில் ஒரு முட்டைக்காக ஒரு முரட்டுச் சேவலுக்கும் தீனி போட வேண்டிய அவசியமே இல்லை.

இடம் குறுகலாக இருந்தால் சேவலுக்கு ஒதுங்க வழியிருக்காது. ஒதுங்க வழியில்லாதது எதிர்த்து நிற்கும். கோழி ஒதுங்கி மறைய ஒரு மூலையில் பழைய பலகையைச் சாய்த்து வையுங்கள். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். முட்டையெடுக்கும் கூட்டுக்கு வெளிப்பக்கமாக ஒரு சிறு கதவு வைத்தால், சேவல் நடமாடும் இடத்துக்குள் போகாமலே முட்டையை எடுத்துவிடலாம். கம்பி வலையும் நாலு கட்டையும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான் இது.

கால்முள்

சேவலின் அலகை விடக் கொடியது கால்முள். உள்ளே எலும்பும் வெளியே நகம்போன்ற உறையுமாக இருக்கும் அது, வயது ஏற ஏற நீண்டு கூராகும். பாயும்போது இரண்டு காலையும் முன்னால் தூக்கி அதனால்தான் குத்தும்.

கூரை மட்டும் மழுக்கிவிடலாம். இரவில் சேவலைத் துண்டில் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் அரத்தால் நுனியை உருண்டையாகத் தேய்க்க வேண்டும். அடியோடு வெட்டக் கூடாது. உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு. முறுக்கிப் பிடுங்குவது என்று சிலர் சொல்லும் முறை சேவலுக்குக் கொடுமை, வேண்டாம். தப்பித் தவறி இரத்தம் வந்தால், சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். முள்ளை மழுக்குவதால் சேவலின் குணம் மாறாது. காயத்தின் ஆழம் குறையும், அவ்வளவே.

குழந்தைகளும் முதியவர்களும்

இங்கேதான் நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பெரியவர் மீது பாயும் சேவல் முழங்காலைக் குத்தும். மூன்று வயதுக் குழந்தை மீது பாயும் சேவல் எதைக் குத்தும்? முகத்தை. குழந்தையின் கண் இருக்கும் உயரமும் சேவல் எகிறும் உயரமும் ஒன்றே. குழந்தை ஓடும், தடுக்கி விழும், அழும். விழுந்த குழந்தையின் மேல் ஏறிச் சேவல் இன்னும் கொத்தும். ஆகவே, பாயும் பழக்கம் உள்ள சேவல் வெளியே திரியும் கொல்லையில் பள்ளிக்குப் போகாத பிள்ளையைத் தனியே விடவே கூடாது. "இரண்டு வாரம் பழக்கிப் பார்க்கிறோம்" என்பது பெரியவர்களுக்குச் சொன்னது. அந்த இரண்டு வாரமும் சேவல் கூண்டில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெளியே வரட்டும்.

முதியவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2019-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஓர் இறப்பைப் பற்றி எழுதினார்கள். முட்டையெடுக்கப் போன 76 வயது மூதாட்டியின் காலைச் சேவல் கொத்தியது. காலில் புடைத்திருந்த நரம்பு கிழிந்து, இரத்தம் நிற்காமல் அவர் இறந்துபோனார். இது அரிதிலும் அரிது, பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்று வேலை செய்து, காலில் நரம்பு சுருண்டு புடைத்த தாய்மார்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர்! நீரிழிவு உள்ளவர்களும் அப்படியே. அவர்களுக்குக் காலில் படும் சிறு காயமும் சிறு காயமல்ல என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் முரட்டுச் சேவலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

காயம் பட்டால்

முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் என்று எதையும் அப்ப வேண்டாம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். புடைத்த நரம்பில் பட்டிருந்தால், படுக்கவைத்துக் காலை உயர்த்தி, அழுத்தியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கால்முள் குத்திய காயம் மேலே சிறிய துளையாகத்தான் தெரியும். உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அந்த முள் மண்ணிலும் எச்சத்திலும் புரண்டது. ஆகவே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். இசிவு நோய்த் தடுப்பூசி போட்டு ஐந்தாண்டுக்கு மேலாகியிருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சுட்டால் தாமதிக்கக் கூடாது. கண்ணிலோ கண்ணருகிலோ பட்டிருந்தால், கண்ணைத் தேய்க்காமல், அழுத்தாமல், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கண் விஷயத்தில் ஆகாது.

கைவிட வேண்டிய நேரம்

இரண்டு வாரம் ஒழுங்காகப் பழக்கியும் பாய்கிறதா? ஒரு முறை குழந்தையின் முகத்தில் இரத்தம் பார்த்துவிட்டதா? பழைய சேவலாகி, ஆண்டுக்கணக்கில் இதுவே பழக்கமாகிவிட்டதா? அப்படியானால் முடிவெடுங்கள். தனிக் கூண்டில் வைப்பது ஒரு வழி. ஆனால் வாழ்நாள் முழுதும் ஒற்றைக் கூண்டில் அடைப்பதும் ஒரு தண்டனையே. பிள்ளைகள் இல்லாத, இடம் நிறைய உள்ள ஒருவருக்குக் கொடுப்பது இன்னொரு வழி. கொடுக்கும்போது அதன் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். நம் தொல்லையைப் பிறர் தலையில் கட்டுவது தானமாகாது.

சண்டைச் சேவல் பிடிப்பவர் நல்ல விலை தருவதாக வந்து நிற்பார். கொடுக்காதீர்கள். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி விலங்குகளைச் சண்டைக்கு விடுவது குற்றம். சட்டம் இருக்கட்டும், நாம் தீனி போட்டு வளர்த்த ஒன்றின் காலில் கத்தி கட்டிவிடுவதற்கு நம் கையே விலை பேசலாமா?

மூன்றாவது வழி சட்டி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோழி வளர்ப்பதே அதற்கும்தானே? வலி தெரியாமல், விரைவாக, பிள்ளைகள் பாராத இடத்தில் செய்யத் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள். முற்றிய சேவலின் இறைச்சி கடினமாக இருக்கும். அறுத்த உடனே சமைக்காமல் ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சிறு தீயில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால், அந்தச் சாற்றுக்கு இணை இல்லை. ஆனால் ஒன்று. பிள்ளை பெயர் வைத்துக் கொஞ்சிய சேவலாக இருந்தால், "ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். "உன் தங்கையின் கண்ணுக்காக இதைச் செய்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழும், அழட்டும். அந்தப் பிள்ளையை அன்று சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலானால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. "சாமிச் சேவல், அடைக்கக் கூடாது, அதட்டக் கூடாது" என்று சொல்லிச் சில வீடுகளில் அது தர்பார் நடத்துகிறது. நேர்ந்துகொண்டது காணிக்கையைத்தான். திருவிழா வரும்வரை அது பேரப்பிள்ளைகளைக் கொத்தித் திரிய வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. நல்ல கூண்டில் வைத்து, நல்ல தீனி போட்டு, நாள் வரும்போது செலுத்துங்கள். பிள்ளைகளைக் காத்ததற்காக எந்தக் காவல் தெய்வமும் கோபிக்காது.

அக்கம்பக்கம்

உங்கள் சேவல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொத்திவிட்டால், "உங்கள் பிள்ளை ஏன் இங்கே வந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதலில் பிள்ளையைப் பாருங்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், செலவை நீங்களே கொடுங்கள். அன்று மாலைக்குள் சேவல் கூண்டுக்குள் இருக்கட்டும். இருபது ஆண்டு அண்டை உறவைவிட ஒரு சேவல் பெரிதல்ல. ஒரே வரிசையில் இருந்து, பிள்ளைப்பேறு முதல் இழவு வரை ஒன்றாக நின்ற குடும்பங்கள், கோழிச் சண்டையில் பேச்சு வார்த்தை இல்லாமல் போன கதை நம் தோட்டங்களில் புதிதல்ல.

சேவல் பாயாவிட்டாலும், கூவினாலே வழக்கு வரும் காலம் இது. 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில், இரைச்சல் என்று குடியிருப்பாளர்கள் புகார் செய்ததன் பேரில் 24 கோழிகள் கொல்லப்பட்டு, நாடே அதைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். சிங்கப்பூரில் வீ.வ.க. அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் உள்ள நேயர்கள் தங்கள் ஊர் நகராண்மைக் கழகத்தின் விதிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த சேவல்

போன சேவல் போகட்டும். அடுத்ததைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குணம் பரம்பரையாகவும் வரும். முரட்டுச் சேவலின் முட்டையை அடைக்கு வைத்தால் முரட்டுக் குஞ்சுகளுக்கு நீங்களே வழிசெய்கிறீர்கள். பழைய சேவலை நீக்கிய பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் கரு பெட்டைகளின் முட்டையில் இருக்கும். ஆகவே மூன்று வாரம் கழித்தே அடைக்கு முட்டை வையுங்கள். அதற்குப் பின் 21 நாளில் சாதுவான தகப்பனின் குஞ்சுகள் வெளிவரும்.

இளஞ்சேவல்கள் நாலைந்து இருந்தால் அவசரப்பட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடாதீர்கள். எட்டு மாதமாவது பாருங்கள். பெரிய கொண்டை, பளபளக்கும் வால் என்று அழகை மட்டும் பார்க்க வேண்டாம். நீங்கள் வந்தால் ஒதுங்குகிறதா? தீனியைக் கண்டால் பெட்டைகளைக் கூப்பிடுகிறதா? பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அதுவே உங்கள் சேவல். காட்டோரத் தோட்டங்களில் காட்டுச்சேவல் வந்து கலந்த குஞ்சுகள், மெலிந்த உடலும் சாம்பல் நிறக் காலுமாக இருக்கும். அவை எப்போதும் மிரண்டபடியே இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தேர்ந்தெடுத்ததை அன்போடு வளருங்கள். ஆனால் மடியில் வைத்து வளர்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: சேவலைச் சீண்டாதே, சேவலைக் கண்டு ஓடாதே, பெரியவர் இல்லாமல் கொல்லைக்குப் போகாதே. இந்த மூன்றையும் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும்.

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டுச் சேவல் ஒன்று மனத்தில் வந்து நின்றால், நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இன்று மாலையே ஒரு கூண்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பழக்குவதா, கொடுப்பதா, சட்டியா என்பதைப் பிறகு நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். முதலில் கொல்லைக் கதவு உங்கள் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் திறக்கட்டும்.